தணலில் வளரும் செடி

நம் சங்கத்தின் பொங்கல் விழாவிலும், உறுப்பினர் வீட்டுக் கல்யாணங்களிலும், பந்தல் கால்களில் வாழை மரத்தோடு சேர்த்து நீளமான கரும்பச்சை ஓலைகளைக் கட்டியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தென்னங்கீற்றைப் போல இருக்கும், ஆனால் தென்னை அல்ல. இரண்டு மூன்று நாள் வெயிலில் நின்றாலும் வாடாது. அலங்காரக்காரரைக் கேட்டால் "ஈந்தோலை" என்பார். அதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியாது, நாமும் கேட்க மாட்டோம். சென்ற மாதர் பகுதிக் கூட்டத்தில், "இந்த ஓலை எந்த மரத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். முப்பது பேரில் இரண்டு கைதான் எழுந்தன. அந்த இருவரும் கோழிக்கோட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மலர்க் குழுவினர் உடனே, "அப்படியானால் நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் ஈந்து என்றால் ஈச்ச மரம். மலையாளத்திலும் ஈந்தப்பழம் என்றால் பேரீச்சம்பழம்தான். ஆனால் மலபார்ப் பக்கத்தில் வெறுமனே 'ஈந்து' என்றால் அது வேறு மரம். பார்வைக்குக் குட்டைப் பனை போல இருக்கும். தண்டெல்லாம் பழைய ஓலைத் தழும்பு. உச்சியில் குடை விரித்த மாதிரி ஓலைகள். பனை, தென்னை, ஈச்சை ஆகியவற்றுக்கும் இதற்கும் உறவு கிடையாது. இது பூக்காது. பழமும் இல்லை. மூடாத விதை மட்டும் உண்டு. தாவர நூலில் இதன் பெயர் சைகஸ் சிர்சினாலிஸ். சைகட் என்ற மிகப் பழைய கூட்டத்தைச் சேர்ந்தது. ஊரிலிருந்து வரும் உறவினர்கள், "பேரீச்சை மரம் வளர்க்கிறாயாமே, எப்போது காய்க்கும்?" என்று கேட்பார்கள். காய்த்தாலும் தர மாட்டேன் என்பேன். காரணம் பின்னால் வருகிறது.

இந்த மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதன் அடிவாரத்துக்கும் மட்டுமே உரியது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. அருகிவரும் இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நம்மில் கோவை, நீலகிரிப் பக்கத்தார் இதைப் பார்க்காமலே அறிந்திருப்பார்கள். நாட்டு மருந்துக் கடைகளில் 'மதனகாமப்பூ' என்று பழுப்பு நிறத்தில் காய்ந்த செதில்களாக விற்பார்களே, அது இந்த ஈந்தின் ஆண் கூம்புதான். எந்த லேகியத்தில் சேரும் என்பதைப் பெயரே சொல்லிவிடுவதால் நான் விளக்கப் போவதில்லை. கோவையில் எங்கள் தெருமுனைக் கடையில் அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். 1994-இல் கணவரின் வங்கி மாற்றலில் கோழிக்கோடு வந்து, அடுத்த வீட்டு மதிலோரம் நின்ற ஈந்தையும் பார்த்தேன். இரண்டும் ஒன்று என்று தெரிய இன்னும் சில வருடங்கள் ஆயின.

இந்த மரத்தை உலகத்துக்கு எழுதிக் காட்டிய இடமும் இந்தக் கேரளக் கரைதான். கொச்சியில் டச்சுக் கவர்னராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற பெருநூல், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதன் மூன்றாம் தொகுதியில், 1682-இல், 'தொட்டப்பன' என்ற பெயரில் ஈந்தின் படங்கள் வந்தன. 1753-இல் லின்னேயஸ் இதற்கு இலத்தீன் பெயர் வைத்தபோது அந்த நூலைத்தான் ஆதாரமாகக் கொண்டார். இலத்தீனில் பூட்டிக் கிடந்த அந்த 12 தொகுதிகளையும் ஆங்கிலத்திலும், பிறகு மலையாளத்திலும் கொண்டுவந்தவர் நம் பக்கத்திலிருக்கும் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் கே.எஸ்.மணிலால். வாழ்நாளையே அதற்குக் கொடுத்தவர் என்று சொல்ல வேண்டும். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2025-இல் காலமானார். அவரைப் பற்றி நம் மலரில் தனிக் கட்டுரையே வரலாம்.

சரி, செடிக்கு வருகிறேன்.

எங்கள் அடுத்த வீட்டில் ஒரு வயதான மாப்பிள்ளை முஸ்லிம் அம்மாள் இருந்தார். தெருவுக்கே அவர் உம்மா. அவர் வளைவில் இரண்டு ஈந்துகள் இருந்தன, ஒன்று ஆண், ஒன்று பெண். 1998 மழைக்கு முன்னால் ஒரு முழ உயரக் கன்று ஒன்றைப் பழைய பக்கெட்டில் வைத்து மதில் வழியாக நீட்டினார். "தணலத்து வெச்சோ மோளே" என்றார். அப்போது கோவையிலிருந்து வந்திருந்த என் அத்தை, அதாவது மாமியார், பக்கத்தில் நின்றார். அவர் முகம் மாறிவிட்டது. "ஏங் கண்ணு, பச்சைச் செடியத் தணல்ல வெச்சா வெந்து போயிருமே!" என்றார். மலையாளத்தில் தணல் என்றால் நிழல். நமக்கு அது நெருப்புக் கங்கு. உம்மாவுக்கு அதை விளக்கியபோது அவர் சிரித்த சிரிப்பில் மதிலின் மேல் இருந்த காக்கை பறந்தது. அத்தை ஊருக்குத் திரும்பும்வரை, "உங்க கங்குச் செடி எப்படி இருக்குது?" என்றுதான் கேட்பார்.

எவ்வளவு நிழல்?

ஈந்து வளர்ப்பதில் முக்கால் பங்கு இந்தக் கேள்விதான். காட்டில் இது பெரிய மரங்களுக்கு அடியில் நிற்கும் மரம். விதையிலிருந்து முளைத்து ஐந்தாறு வருடம் வரை நேர் வெயிலே ஆகாது. நண்பகல் வெயில் பட்டால் ஓலை மஞ்சளாகி, நுனி கருகி, குட்டையாகிவிடும். அதற்காக வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் இருட்டுச் சந்தில் வைத்தாலும் பயனில்லை. உயிரோடு இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் அசையாது. மரத்தின் இலைகளுக்கு இடையே சல்லடையில் சலித்த மாதிரி விழும் வெளிச்சம்தான் இதற்குச் சரி. காலை எட்டு எட்டரை வரை நேர் வெயில் பட்டால் இன்னும் நல்லது.

எங்கள் வீட்டில் நிழலுக்குப் பலா இருந்தது. நிழல் அருமையானது, ஆனால் பலா மரத்தடியில் இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். ஈந்துக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று, உச்சியின் நடுவில் இருக்கிறது. பதினைந்து கிலோ பலாப்பழம் அதன் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தென்னை மட்டைக்கும் இதே பயம் உண்டு. ஆகவே கிளைகள் விரியும் விளிம்பில், காய்க்கும் கொம்புகளுக்கு வெளியே குழி எடுத்தோம். முனை நசுங்கினால் மரம் உடனே செத்துவிடாது, பக்கத்தில் குருத்துகள் கிளம்பும். என்றாலும் பத்து வருடத்து அழகு போய்விடும். ஓலைகள் ஆறு ஏழு அடி நீளம் வரை போகும். ஆகையால் எந்தப் பக்கமும் ஏழடி இடம் விட வேண்டும். பாதையோரம் நட்டவர்கள் பின்னால் ஓலையை வெட்டி வெட்டி மரத்தைத் துடைப்பக்கட்டை ஆக்குவதை இந்த ஊரிலேயே பார்க்கலாம்.

அடுத்தது தண்ணீர். கோழிக்கோட்டில் ஆண்டுக்கு மூன்று மீட்டருக்குக் குறையாமல் மழை கொட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் துணிகள் ஜூலையில் படும் பாடுதான் ஈந்தின் அடித்தண்டும் படும். தண்ணீர் நின்றால் அழுகிவிடும். எனவே பள்ளத்தில் நடாமல் ஒன்றரை அடி மேடு கட்டி அதன் மேல் நட்டோம். அடியில் உடைந்த செம்பாறைக் கல், அதன் மேல் பாதி ஆற்று மணல், பாதி இலை மக்கு. தண்டை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. கோடையில் வாரம் ஒருமுறை நன்றாக நனைய ஊற்றினால் போதும்.

உரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அடிமண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், பவளக் கொத்து போல, இஞ்சித் துண்டு போல, மேல்நோக்கி வளரும் வேர்கள் தெரியும். நோய் என்று நினைத்து வெட்டிப் போடுபவர்கள் உண்டு. அவற்றை வெட்டினால் சீக்கிரமே செடிக்குப் பசி எடுக்கும். அந்த வேருக்குள் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. ஒன்றைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பச்சை வளையமே தெரியும். எங்கள் வீட்டில் வருடம் ஒருமுறை ஒரு கூடை மக்கிய சாணம், அவ்வளவுதான்.

பாண்டவன் செய்யும் கௌரவர் வேலை

ஈந்து மாதம் ஒரு ஓலை விடும் செடி அல்ல. பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை, மொத்தமாக ஒரே கொத்தாகக் குருத்து விடும். இளம் ஓலைகள் பட்டுப் போல, கை வைத்தால் ஒடியும் மென்மையில் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் விறைத்துக் கரும்பச்சையாகிவிடும். அந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் அந்த வருடத்தின் கதை முடிவாகிவிடும்.

சிறிய நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று இருக்கிறது, நம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. சிலாடிஸ் பாண்டவா என்று அதற்குப் பெயர். பாண்டவர் பெயரை வைத்துக்கொண்டு செய்வதெல்லாம் கௌரவர் வேலை. எங்கிருந்தோ மணம் பிடித்து வந்து, சரியாகக் குருத்து விடும் வாரத்தில் முட்டையிடும். புழு இளம் ஓலையை மட்டும் தின்னும், முற்றியதைத் தொடாது. காலையில் பட்டாக இருந்த குருத்து நாலாம் நாள் வெறும் ஈர்க்காக நிற்கும். அடுத்த ஓலைக்கு இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். சிறிய கன்றுக்கு இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து இப்படி நேர்ந்தால் செத்தே போகும். தோட்டச் செடிக்கெல்லாம் தீராத கவலைப்படுபவள் அல்ல நான். ஆனால் இந்த மூன்று வாரமும் காலைக் காபிக்கு முன்னால் டார்ச்சும் கையுமாகத்தான் இருப்பேன்.

அடையாளம் எறும்புதான். புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைச் சூழ்ந்து காவல் நிற்கும். குருத்தில் காரணமில்லாமல் எறும்பு ஏறினால் உள்ளே புழு இருக்கிறது என்று கொள்ளலாம். விரலால் வழித்து எடுத்துவிடலாம். வேப்பெண்ணெய்க் கரைசலும் ஓரளவு பயன்படும். மழை பெய்தால் கழுவிப் போகும். எனக்குப் பலன் தந்தது பழைய கொசுவலை. குருத்து தலைகாட்டிய அன்றே நாலு மூங்கில் குச்சி நட்டு வலையைப் போட்டுக் கீழே கல் வைத்துவிடுவேன். ஓலை விறைத்ததும் எடுத்துவிட வேண்டியதுதான். தபால்காரர் ஒருமுறை, "செடிக்கும் கொசு கடிக்குமா அம்மா?" என்று கேட்டார்.

இன்னொரு எதிரி உண்டு: ஓலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைத் துகள் தூவிய மாதிரி ஒட்டிக்கொள்ளும் செதிள் பூச்சி. பசிபிக்கில் குவாம் தீவுக்கு 2003-இல் அது வந்து சேர்ந்தது. அதன் பின் அந்தத் தீவில் இயற்கையாக வளரும் ஈந்து இனம் காடு காடாகச் செத்தது. நர்சரியில் அலங்காரத்துக்கு வாங்கும் சைகஸ் செடிகளோடு இது பயணம் செய்யும். வாங்கும்முன் ஓலையைத் திருப்பிப் பாருங்கள். நர்சரியைச் சொல்லும்போது இன்னொன்று: அங்கே சிர்சினாலிஸ் என்று எழுதி வைத்திருப்பதெல்லாம் நம் ஈந்தாக இருக்க வேண்டியதில்லை. கிழக்குத் தீவுகளின் சைகஸ் ரம்பி என்ற இனத்தையும் இதையும் உலகமே நெடுங்காலம் குழப்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் கென் ஹில் போன்றவர்கள் 1990-களிலும் பிறகும் எழுதித்தான் அது தெளிந்தது. ரம்பியின் விதைக்குள் பஞ்சு போன்ற அடுக்கு உண்டு, கடலில் மிதந்தே தீவுக்குத் தீவு போகும். நம் ஈந்தின் நல்ல விதை தண்ணீரில் மூழ்கும்.

விதை என்றதும் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஈந்தின் விதை, ஓலை, தண்டு எல்லாமே விஷம். சைகசின் என்ற பொருள் ஈரலைத் தாக்கும். நாய்கள் விதையைக் கடித்தால் பிழைப்பது கடினம். 1770-இல் கேப்டன் குக்கின் மாலுமிகள் ஆஸ்திரேலியாவில் இதே குடும்பத்துக் கொட்டையைத் தின்று வாந்தியெடுத்துப் படுத்தார்கள். ஆனால் அதே நாட்டுப் பழங்குடியினரும், நம் மலபார்க்காரர்களும் தலைமுறை தலைமுறையாக இதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். உம்மா விதையை இரண்டாகப் பிளந்து வெயிலில் நன்றாகக் காய வைப்பார். பிறகு நாள்கணக்கில் ஊறப் போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பார். மறுபடி காய வைத்து இடிப்பார். அந்த மாவில் இறைச்சி சேர்த்துச் செய்வது ஈந்துப்பிடி, அவர்கள் வீட்டில் நோன்பு காலத்தில் கட்டாயம் உண்டு. எங்களுக்காகத் தனியாக வெல்லம், தேங்காய்ப்பால் விட்டுப் பாயசம் வைத்துக் கொடுப்பார். மணம் இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கையின் பக்குவம் எனக்கு இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

ஒற்றை மரம்

ஈந்தில் ஆண் வேறு, பெண் வேறு. கூம்பு விடும்வரை எது எது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கள் கன்று 2013-இல், நட்ட பதினைந்தாவது வருடம், உச்சியில் பழுப்பு நிறக் கம்பளி போர்த்த மடல்களை விரித்தது. பெண். உம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவர் வளைவின் ஆண் மரம் அப்போது இரண்டாள் உயரம். கூம்பு விட்டால் தெருவெல்லாம் ஒரு கனத்த வாடை அடிக்கும். அந்த வாடைக்கு வரும் சிறு வண்டுகள்தான் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். 2014-லும் அடுத்த முறையும் எங்கள் மரம் நல்ல விதை கொடுத்தது. எல்லாம் உம்மாவின் சமையலறைக்கே போயின.

அவர் 2016-இல் காலமானார். பிள்ளைகள் வளைகுடா நாட்டில் இருக்கிறார்கள். 2019-இல் நிலத்தைப் பிரித்து விற்றார்கள். வந்தவர் மூன்று மாடி கட்டினார். ஒரே காலையில் இரண்டு ஈந்தும் போயின. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து சென்ட் நிலத்தில் வீடு கட்டுபவர் மரத்துக்கு எங்கே இடம் விடுவார்? ஓலைகளைப் பந்தல்காரர் ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த முறை எங்கள் மரம் காய்த்தபோது காய்கள் வழக்கம் போலவே பெருத்து, மஞ்சளாகி விழுந்தன. வாளித் தண்ணீரில் போட்டேன். அத்தனையும் மிதந்தன. உடைத்துப் பார்த்தால் உள்ளே கரு இல்லை. பார்வைக்கு விதை, அவ்வளவுதான். சுற்று வட்டாரத்தில் தெருத்தெருவாகக் கேட்டேன். எல்லாம் முன்பு இருந்ததாம்.

தென்னாப்பிரிக்காவில் வுட் என்ற தாவரவியலாளர் 1895-இல் ஒரு காட்டில் ஒரு சைகட்டைக் கண்டார். ஒரே ஒரு மரம், ஆண். இன்றுவரை அதற்குப் பெண் கிடைக்கவில்லை. உலகத் தோட்டங்களில் இன்றிருக்கும் அந்த இனத்துச் செடிகள் எல்லாம் அந்த ஒரு மரத்தின் குருத்திலிருந்து பிரித்தவை. சைகட்டுகளின் மூதாதையர் 28 கோடி வருடத்துக்கு முன்பே இருந்தார்கள். அதனால் இவற்றை 'உயிருள்ள புதைபடிவம்' என்று பத்திரிகைகள் எழுதும். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. இன்றுள்ள இனங்களில் பெரும்பாலானவை கடந்த ஒன்றேகால் கோடி வருடத்துக்குள் தோன்றியவைதான் என்று 2011-இல் ஒரு மரபணு ஆய்வு சொல்லிவிட்டது. புதைபடிவத்துக்கு ஜோடி தேவையில்லை. இதற்குத் தேவை.

ஜோடி கடைசியில் முக்கத்தில் கிடைத்தது. கணவரோடு வங்கியில் இருந்தவரின் தோட்டத்தில், கமுகுகளுக்கு நடுவே இரண்டு ஆண் மரங்கள். 2022-இல் எங்கள் மரம் மடல் விரிக்கத் தொடங்கியதும் அவருக்குப் போன் செய்தோம். அங்கே கூம்பு முற்றிச் செதில்கள் விலகியிருந்தன. முழங்கை நீளம், ஆரஞ்சு நிறம். கூம்பை வெட்டவில்லை, அடியில் செய்தித்தாளைப் பிடித்துத் தட்டினோம். மைதா போல வெளிர்மஞ்சள் பொடி கொட்டியது. தேயிலை வடிகட்டியில் சலித்து, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, மாத்திரைக் குப்பியில் போட்டோம். அந்தக் குப்பிகளில் ஈரம் உறிஞ்சச் சிறு பொட்டலம் வைத்திருப்பார்களே, அதையும் கூடவே போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். யாராவது கடலை மாவு என்று பஜ்ஜி போட்டுவிடக் கூடாதே என்று மேலே 'விஷம்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டினேன்.

பெண் மரத்தில் மடல்கள் தளர்ந்து, விரல் நுழையும் இடைவெளி விடும் சில நாட்கள்தான் பருவம். மழையில்லாத காலையாகப் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி, காது கழுவும் ரப்பர் பல்பில் பொடியை நிரப்பி, இடைவெளிதோறும் ஊதினேன். மூன்று காலை இதே வேலை. கணவர் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "வங்கியில் இருந்திருந்தால் இந்நேரம் ஒரு மேஜை நிறையக் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். அதன் பிறகு நமக்கு வேலையில்லை. மகரந்தக் குழாய்க்குள் விந்தணு உருவாகி, கரு முட்டையை நோக்கி நீந்திப் போகும். செடியில் நீந்தும் விந்தணுவா என்று கேட்பீர்கள். இக்கெனோ என்ற ஜப்பானியர் 1896-இல் சைகஸில் இதைக் கண்டுபிடித்தபோது விஞ்ஞானிகளே அப்படித்தான் கேட்டார்கள்.

2023-இல் விழுந்த காய்களை வாளியில் போட்ட அன்று மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேத்தி உரக்க எண்ணினாள். எழுபதில் இருபத்து மூன்று மூழ்கின.

கையுறை போட்டு மேல்சதையை உரித்து, மணல் தட்டில் படுக்கை வாட்டாகப் பாதி புதைத்து, நிழலில் வைத்தேன். ஈந்து விதை விழுந்தவுடன் முளைக்காது. உள்ளே கரு அதன் பிறகுதான் முழுதாக வளரும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். மணலை ஈரமாக வைத்தாலே போதும், தோண்டிப் பார்க்கக் கூடாது. பதினான்கு முளைத்தன. இப்போது ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று ஓலை.

இதைச் சொன்னபோது நம் சங்கத்து நண்பர்கள் இரண்டு ஆட்சேபம் சொன்னார்கள். ஒன்று, "நாம் மாற்றலில் வந்தவர்கள், பதினைந்து வருடம் யார் இருக்கப் போகிறார்கள்?" நானும் மூன்று வருடம் என்றுதான் வந்தேன். உம்மா அந்தக் கன்றை விதை போட்டபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. இரண்டாவது, "ஃபிளாட்டில் எப்படி?" தொட்டியில் ஏழெட்டு வருடம் தாராளமாக வளரும், கிழக்குப் பார்த்த பால்கனி அதற்குக் காடு மாதிரிதான். பிறகு இடம் உள்ள யாருக்காவது கொடுக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆணும் பெண்ணும் சரிபாதி என்றால், ஒருவர் இரண்டு கன்று வைத்தாலும் ஜோடி அமையப் பாதி வாய்ப்புதான். ஐந்து கன்றுகள் ஐந்து வீட்டில் இருந்தால் பதினாறில் பதினைந்து பங்கு வாய்ப்பு உண்டு. மகரந்தத்தைக் குப்பியில் எடுத்துப் போகலாம் என்பதால் வீடுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. மாங்காவிலிருந்து ஃபரோக் வரை நம் உறுப்பினர்கள் சிதறி இருப்பது இதற்கு இடைஞ்சல் இல்லை. காட்டிலிருந்து மட்டும் யாரும் பிடுங்கி வர வேண்டாம். அது குற்றம்; பிடுங்கிய பெரிய செடி பிழைப்பதும் அரிது.

பதினான்கில் ஐந்து போய்விட்டன. முதலில் கை தூக்கிய இருவரும் அதில் உண்டு. ஒன்பது இருக்கின்றன. வீட்டுக்கு ஒன்றுதான் தருவேன். பிளாஸ்டிக் பையில் தர மாட்டேன். ஆணிவேர் நேராக இறங்க வேண்டும், ஒரு முழ ஆழமாவது உள்ள தொட்டி கொண்டு வாருங்கள். நாய் வளர்ப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்களுக்கு மதிலுக்கு வெளியே இடம் இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். யார் வாங்கினார்கள், எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கடைசிக் கட்டத்தில் 'ஆண் / பெண்' என்று கோடு போட்டிருக்கிறது. கூம்பு வந்ததும் போன் செய்தால் நிரப்பிக்கொள்ளலாம்.